டேப்பின் வாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்ணூறுகளின் தொலைக்காட்சித் திரை விமர்சன நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சன் டிவியின் ‘டாப் டென் மூவிஸ்’, ‘திரை விமர்சனம்’ என்று பெயரைப் பார்த்ததுமே நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் பாதிப் பேருக்குத் தொடக்க இசை காதில் கேட்டிருக்கும். ஆனால் அந்தப் பழைய பகுதிகளெல்லாம் சேனல்களின் கிடங்கில் பத்திரமாக இருக்கும் என்று கட்டுரை போகிற போக்கில் சொல்லிவிட்டது. அந்த நம்பிக்கைக்குப் பிடிமானம் குறைவு.

வாராவாரம் வந்துபோகிற நிகழ்ச்சி, தொழிலில் இருப்பவர்கள் கண்ணுக்கு அன்றைய காய்கறி மாதிரி. சினிமாவையும் தொடரையும் மறுபடி ஒளிபரப்பிக் காசு பார்க்கலாம் என்பதால் அவற்றின் டேப்புக்கு மதிப்பு உண்டு. போன வாரம் எந்தப் படம் நான்காம் இடத்துக்கு இறங்கியது என்பதை யார் மறுஒளிபரப்புச் செய்யப்போகிறார்கள்? ஒளிபரப்புத் தரத்து பீட்டாகேம் டேப் விலை கூடியது. வேலை முடிந்த டேப்பை அழித்து அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலில் உலகம் முழுக்க இருந்த வழக்கம்தான். பிபிசியே எழுபதுகள் வரை தன் நிகழ்ச்சிகளை இப்படி அழித்துவிட்டுப் பிற்பாடு தேடி அலைந்தது.

சட்டமும் துணைக்கு இல்லை. புத்தகம், செய்தித்தாள் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படி கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். தொலைக்காட்சிக்கு அப்படியொரு கட்டாயம் இங்கே கிடையாது. ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருந்தால் போதும் என்பதுதான் சேனல்களுக்கான உரிம நிபந்தனை. பிரான்ஸில் 1992-இலேயே வானொலி, தொலைக்காட்சிக்கும் படி ஒப்படைக்கும் சட்டம் வந்துவிட்டது.

ஆக, மிச்சம் இருப்பது வீடுகளில். அமெரிக்காவில் சிஸ்கெல், ஈபர்ட் என்ற இரு விமர்சகர்கள் 1975 முதல் சிகாகோவிலிருந்து நடத்திய திரை விமர்சன நிகழ்ச்சி மிகப் பிரபலம். அதில் இன்று காணக் கிடைக்கும் பழைய பகுதிகள் பலவும் பார்வையாளர்கள் வீட்டில் பதிந்து வைத்தவை. நடுவில் அந்தக் காலத்து விளம்பரங்களும் ஒட்டிக்கொண்டே வரும். பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979 தொடங்கி 2012-இல் இறக்கும் வரை தொலைக்காட்சியை இடைவிடாமல் பதிந்து சுமார் 70,000 டேப்புகளை விட்டுப்போனார். நம்மூரில் அப்படியொருவர் தேவையில்லை. ஆயிரம் வீட்டுப் பரண்களில் ஆளுக்குப் பத்து வீடியோ கேசட் இருந்தாலே போதும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இங்கே அதிகம் விற்ற கேசட் ஈ-180, அதாவது மூன்று மணி நேரம் ஓடுவது. நம் படங்கள் இரண்டரை மணி நேரம். படத்தைப் பதிந்தது போக வாலில் அரை மணி நேரம் மிஞ்சும். விமர்சன நிகழ்ச்சியும் அரை மணி நேரம்தான். கேசட்டின் முதுகில் படத்தின் பெயர் மட்டும் இருக்கும். வாலில் எது இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் படம்தான் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறதே என்று கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம். போகிறது படம் அல்ல, அந்த வால். கல்யாணக் கேசட்டுக்கும் இதே விதிதான். தாலி கட்டி, மொய் எழுதி, பந்தி முடிந்த பிறகும் ஓடவிட்டுப் பாருங்கள்.

அந்த அரை மணியில் விமர்சனம் என்று பார்த்தால் சொற்பம்தான். கதைச் சுருக்கம், பாட்டில் கொஞ்சம், சண்டையில் கொஞ்சம், ஒரு நகைச்சுவைத் துணுக்கு, முடிவில் படத்தின் பெயரையே மடக்கிப்போட்டு ஒரு வரித் தீர்ப்பு. அந்தச் சிலேடைகளில் சில இன்று பல்லைக் கூச வைக்கும். விமர்சனத் தரத்துக்காக இவற்றைக் காப்பாற்றச் சொல்லவில்லை. முதல் இடத்துப் படம் எங்கும் போகாது. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் இடத்துப் படங்கள் இருக்கின்றனவே, இரண்டு வாரம் ஓடி நின்றவை; அவற்றில் சிலவற்றுக்கு நல்ல பிரிண்ட்டும் இல்லை, டிஸ்க்கும் வரவில்லை. வரிசையில் காட்டிய ஒரு நிமிடத் துண்டுதான் மிச்சமாக இருக்கும். நீளம் அதிகம் என்று வெளியீட்டுக்குப் பின் படத்திலிருந்து வெட்டிய பாட்டோ காட்சியோ, அதற்கு முன்பே சேனலுக்குக் கொடுத்த துண்டில் தப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இனி, கேசட்டைக் கையில் எடுத்தவர்கள் செய்ய வேண்டியது.

எதற்கும் முன்னால், முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காதை ஒடித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் (கேசட்டை ஓட்டும் வீசிஆர்) பதிவு செய்யாது. கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பயமில்லை. ஏற்கெனவே ஒடித்துவிட்டு, மறுபடி பதிவதற்காகச் செலோடேப் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். காது ஒடிந்த கேசட்டைப் போட்டதும் சில டெக்குகள் தானாகவே ஓட ஆரம்பிக்கும். பழுது என்று பதற வேண்டாம்.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுற்றின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். கோலப்பொடி தூவியது போல் வெள்ளையோ சாம்பல் நூலோ தெரிந்தால் பூஞ்சணம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டில் பல மாதம் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். டேப்புக்கு 50-க்குக் கீழே இருப்பது நல்லது. பூஞ்சணம் பிடித்த கேசட்டை ‘சும்மா ஒரு தடவை’ என்று டெக்கில் போட்டுவிட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் அது பரவும், சில நேரம் ஒட்டிய சுற்று பிரியாமல் டேப்பே அறுந்துவிடும். வெயிலில் காயவைப்பது அதைவிட மோசம். ஓடு வளையும், டேப் நெளியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து உறங்கும். அதற்குப் பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, அடிப்பக்கத்து ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, சுருள்களை எடுத்து, நூல் உதிராத துணியால் உலர்ந்தபடியே துடைத்துச் சுத்தமான வேறு ஓட்டில் மாற்றலாம். திறக்கும்போது உள்ளே ஸ்ப்ரிங்கும் உருளைகளும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உதவாத கேசட் இரண்டில் கை பழகிவிட்டு இதில் இறங்குவது நல்லது.

டெக் கிடைப்பது அடுத்த பாடு. உலகில் கடைசியாக இதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் கிடைப்பதெல்லாம் பழையவை. உள்ளே உள்ள ரப்பர் பெல்ட்டும் டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரும் இறுகியிருக்கும், கிரீஸ் மெழுகாகியிருக்கும். பெல்ட் வழுக்கினால் டேப்பை இழுத்த வேகத்தில் சுருட்டிக்கொள்ள மாட்டாமல் டெக் அதைத் ‘தின்றுவிடும்’. ஆகவே போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை முதலில் முழுக்க ஓட்டி, வெளியே எடுத்து, விளிம்பில் கசங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் விளிம்பில்தான் சாதாரண ஒலித்தடம் இருக்கிறது, கீழ் விளிம்பில் கட்டுப்பாட்டுத் தடம். மேலே கசங்கினால் பேச்சு விட்டுவிட்டு வரும். கீழே கசங்கினால் படம் உருளும், வேகம் தடுமாறும். எந்தப் பக்கத்துக் கோளாறு என்று இதிலேயே தெரிந்துவிடும்.

படத்தில் பனி கொட்டுவது போல் புள்ளிகள் வந்தால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். கொரோனா காலத்துச் சானிடைசரை எடுக்காதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால்தான் வேண்டும். காட்டன் பட்ஸும் ஆகாது. நூல் மாட்டினால் ஹெட்டின் நுனி ஒடியும், அதோடு டெக்கின் கதை முடிந்தது. சாதாரண ஜெராக்ஸ் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்த ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் (ஹெட்டுகள் பொருத்திய உருளையின்) மேல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிரம்மை மறு கையால் மேலே பிடித்துச் சுற்றுங்கள். தாள் அசையக் கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போய்விடும். கறுப்பு வருவது நிற்கும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஈரம் உலரக் கால் மணி நேரம் பொறுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் அடிக்கடி போட்டால் இறுகும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

பல வருடம் ஒரே நிலையில் கிடந்த கேசட்டை முதலில் கடைசி வரை ஓட்டிவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள். சுற்றின் இறுக்கம் சீராகும். காட்சியைப் பார்க்கும்போது பாஸில் (Pause) நிறுத்தி வைக்காதீர்கள். நம்மூர் டிவியின் பால் (PAL) முறையில் டிரம் நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றுகிறது. பாஸில் நின்றால் அந்த ஹெட்டுகள் டேப்பின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது கணினிக்கு ஏற்றுவது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு விற்கும் யூஎஸ்பி வீடியோ பதிவுக் குச்சியை வாங்கி, மஞ்சள் பின்னைச் சொருகி ஓடவிட்டால் படம் வரத்தான் செய்யும். ஆனால் டேப்பிலிருந்து வரும் ஒவ்வொரு கோடும் ஒரு மயிரிழை முன்னே பின்னே தொடங்கும். பழைய குழாய் டிவி அதற்கு அனுசரித்துக்கொண்டது. கணினிக்குத் தாளம் தப்பக் கூடாது. தப்பிய இடத்தில் ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிடும். அரை மணியில் 50 ஃபிரேம் போனால் போதும், நொடிக்கு 25 என்ற கணக்கில் கடைசியில் உதடும் பேச்சும் இரண்டு நொடி விலகி நிற்கும். இதைச் சரிசெய்யும் கருவியின் பெயர் டைம் பேஸ் கரெக்டர். தனியாக வாங்கினால் விலை அதிகம். எஸ்-விஹெச்எஸ் என்ற உயர்தர டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும், சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள் வழியாக விட்டு எடுத்தாலும் ஓரளவு சீராகும். டெக்கில் எஸ்-வீடியோ பின் இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள். வெளிச்சமும் நிறமும் டேப்பில் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன, மறுபடி கலந்து பிரிக்கத் தேவையில்லை.

பதியும் அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒரு படத்தை இரண்டு அரைப்படமாகப் பிரித்திருப்பது) அப்படியே. என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருந்தால் பால் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். அழுத்தாமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. ஹஃப்யூவ் போன்ற இழப்பில்லாத முறையில் ஏறக்குறைய அதில் பாதி. டிஜிட்டல் வீடியோ (DV) முறையில் சுமார் 13 ஜிபி. அரை மணி நிகழ்ச்சிக்கு இது ஒரு இடப் பிரச்சினையே இல்லை. நேராக எம்பி-4 ஆக்கிவிட்டால் பின்னால் திருத்த வழியில்லாமல் போகும்.

இந்த நிகழ்ச்சிகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. தொகுப்பாளர் பேசும் பகுதி வீடியோ கேமராவில் எடுத்தது. நொடிக்கு 50 அரைப்படம். இடையில் வரும் சினிமாத் துண்டு பிலிமிலிருந்து மாற்றியது. நொடிக்கு 25 முழுப்படம். பார்ப்பதற்கான படிக்கு முழு நிகழ்ச்சியையும் 25-க்கு மாற்றினால் சினிமாத் துண்டு அழகாக இருக்கும், தொகுப்பாளரின் கையசைவு மட்டும் தத்தித் தத்தி வரும். 50-க்கு மாற்றினால் இரண்டும் சரியாக இருக்கும். இன்னொன்று, 24-இல் எடுத்த பிலிமை 25-இல் ஓட்டியதால் பாட்டெல்லாம் நான்கு சதவீதம் வேகமாக, சுருதி சற்று ஏறிக் கேட்கும். ஆடியோ கேசட்டோடு ஒப்பிட்டுவிட்டு டெக் வேகமாக ஓடுகிறது என்று முடிவு கட்டி முழு நிகழ்ச்சியையும் இழுத்து மெதுவாக்கினால் தொகுப்பாளர் குரல் கட்டைக் குரலாகிவிடும். விட்டுவிடுங்கள், ஒளிபரப்பில் வந்ததே அப்படித்தான்.

படத்தின் அடியில் சில கோடுகள் அலைபாயும். கோளாறு அல்ல, ஹெட் மாறும் இடம் அது. பழைய டிவியின் சட்டத்துக்குப் பின்னால் அது மறைந்திருந்தது. வெட்டாமல் மூலத்தில் வைத்திருங்கள்.

கடையில் கொடுத்து மாற்றுபவர்கள் நான்கைக் கேட்டு வாங்க வேண்டும். படத்தை அகலத்துக்கு இழுக்காமல் 4:3-ஆகவே தர வேண்டும். இழுத்தால் எல்லா நாயகிகளும் பூசினாற்போல் ஆகிவிடுவார்கள். கடையின் பெயரை மூலையில் ஓடவிடக் கூடாது. ‘ஹெச்டி ஆக்கித் தருகிறோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மங்கலான முகத்தில் தானாகக் கண்ணும் பல்லும் வரைந்துவிடும். அது அந்த நடிகரின் முகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விளம்பரங்களையும் வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘தேவையில்லாததை’ நீக்கித் தருவது பல கடைகளில் நல்லெண்ணத்தோடு செய்கிற வேலை.

தேதி கண்டுபிடிக்க அந்த விளம்பரங்கள்தான் உதவும். பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி விற்பனை, ஓரத்தில் உள்ள சேனல் சின்னம் எல்லாமே சாட்சி. அதைவிட உறுதியானது வரிசையில் சொல்லும் புதுவரவுகள். ‘முத்து’வும் ‘குருதிப்புன’லும் 1995 அக்டோபர் 23 தீபாவளியன்று வந்தவை. இரண்டையும் புதுவரவாகப் பேசும் நிகழ்ச்சி என்றால் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கம். கோப்பின் பெயரில் வருடம், மாதம், சேனல், நிகழ்ச்சி என்ற வரிசையில் போடுங்கள்; உறுதியில்லாத மாதத்துக்கு 00. ஏற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, புத்தகம் போல் நிமிர்த்தி, பரணில் அல்லாமல் அலமாரியில் வையுங்கள். கோப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

யூடியூபில் போடலாமா என்பது பலருக்கும் எழும் கேள்வி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி ஒளிபரப்பு உரிமை 25 ஆண்டுதான். ஒளிபரப்பிய வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கிய சன் டிவியின் முதல் சில ஆண்டு ஒளிபரப்புகளுக்கு அது முடிந்துவிட்டது. இதைச் சொல்லி இணையத்தில் பலர் குஷியாகிறார்கள். உள்ளே இருக்கும் சினிமாத் துண்டுக்கு 60 ஆண்டு, பதிவு செய்து ஒளிபரப்பிய நிகழ்ச்சியே ஒரு ஒளிப்பதிவு என்ற கணக்கில் அதற்கும் 60 ஆண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். சொந்தப் பயனுக்கும் ஆய்வுக்கும் வைத்துக்கொள்வது வேறு, ஊருக்கே ஒளிபரப்புவது வேறு. தளங்களின் தானியங்கிச் சோதனை பாட்டுத் துண்டை நொடியில் பிடித்துவிடும். முழு நிகழ்ச்சியும் முடங்கும். அதற்குப் பயந்து பாட்டின் ஒலியை நீக்கிப் போடுவது வழக்கமாகி வருகிறது. அப்படிச் செய்தாலும் பரவாயில்லை, மூலக் கோப்பில் கை வைக்காதவரை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்து இதழ்களில் ‘இன்றைய டிவி’ என்று கட்டம் கட்டி நிகழ்ச்சி நிரல் வந்துகொண்டிருந்தது. எந்தச் சேனலில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எந்த விமர்சன நிகழ்ச்சி வந்தது, எப்போது நேரம் மாறியது, எந்த வாரம் கிரிக்கெட்டுக்காக நின்றது என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. தேதி தெரியாத டேப்புக்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. 1993 முதல் 2003 வரையிலான அந்தப் பக்கங்களை மட்டும் தங்கள் அலுவலகக் கோப்பிலிருந்து ஸ்கேன் செய்து தேதிவாரியாக இணையதளத்தில் போடுங்கள். எழுத்தாக்கக்கூட வேண்டாம், படமாகவே இருக்கட்டும். நிரலில் கடைசி நேர மாற்றங்கள் இருக்காது என்பது தெரிந்ததுதான்; புதுவரவுப் படங்களோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வாசகர்,
திருச்சி.